முந்நூறு சொல்லுக்குள் ஒரு குதிகால்

எங்கள் பயிற்சி நிலையத்தில் அவளை எல்லோரும் கட்டுரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட இருபத்திரண்டு வயது இளையவள். நானும் அக்கா என்றே அழைத்தேன். அங்கே அது உறவுமுறை இல்லை, பதவி.

நிலையம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், செவிலியர் படிப்பு என்று எதற்கு விண்ணப்பிக்க வேண்டுமானாலும் ஆளைத் தயார் செய்து அனுப்புவோம். நான் விலங்கியல் ஆசிரியர். நேர்முகத் தேர்வுக்கு ஒத்திகை பார்ப்பதும் என் வேலைதான். அதாவது, காலையில் தவளையின் இதயம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக்கொடுப்பேன். மாலையில், நோயாளிகளுக்காக உருகும் இதயம் தனக்கு இருப்பதாக எப்படிக் காட்டிக்கொள்வது என்று சொல்லிக்கொடுப்பேன். இரண்டாவது வகுப்புக்குத்தான் கூட்டம் அதிகம்.

விண்ணப்பத்துக்கு நான்கு சமாச்சாரங்கள் தேவை. மதிப்பெண், மருத்துவமனையில் நூறு மணி நேரம் உடனிருந்து பார்த்ததற்கான சான்று, இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், 'இந்தத் துறையை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன்' என்று முந்நூறு சொல்லுக்கு மிகாமல் ஒரு கட்டுரை. மதிப்பெண்ணை நாங்கள் உருப்போட வைத்து வாங்கித் தருவோம். நூறு மணி நேரத்தை யாராவது ஒரு மாமா, தெரிந்த டாக்டரிடம் ஒரே கையெழுத்தில் வாங்கி வந்துவிடுவார். அந்த நூறு மணி நேரமும் பிள்ளை வீட்டில் போர்வைக்குள் இருந்திருப்பான். பரிந்துரைக் கடிதத்தைப் பிள்ளையின் அப்பாவே எழுதி எடுத்து வருவார், பள்ளி ஆசிரியர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். கட்டுரையை அக்கா எழுதுவாள். மிச்சம் பிள்ளை சொந்தமாகக் கொடுப்பது புகைப்படம் ஒன்றுதான். அதையும் ஸ்டூடியோக்காரர் வெளுப்பாக்கிக் கொடுத்திருப்பார்.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் பலகைத் தடுப்பு வைத்த ஒரு சின்ன இடம் அக்காவுக்கு. ஒரு கணினி, இரண்டு நாற்காலி, நாலு தாளுக்கு ஒரு தாள் கடித்துத் துப்பும் ஒரு பிரிண்டர். தடுப்புக்கு அந்தப் பக்கம் என் வகுப்பறை. நான் கத்துவது அவளுக்குக் கேட்கும், அவள் கேட்கும் கேள்விகள் எனக்குக் கேட்கும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பையனை அவனுடைய அம்மா இழுத்துக்கொண்டு வந்தாள். அவனுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் மயக்கம். ரத்த வகை கண்டுபிடிக்கும் பாடத்தன்று பக்கத்து பெஞ்சுக்காரனின் விரலில் நான் ஊசி குத்தியதைப் பார்த்து இவன் விழுந்துவிட்டான். தண்ணீர் தெளித்து எழுப்பினோம்.

"தம்பி, நீ எதுக்கு டாக்டராகணும்?" என்று அக்கா கேட்டாள்.

பையன் அம்மாவைப் பார்த்தான்.

"அவன் குழந்தையிலேருந்தே ஸ்டெதஸ்கோப் வெச்சுக்கிட்டுத்தான் விளையாடுவான்," என்றாள் அம்மா.

"அது சரிங்க. தம்பி, யாருக்காவது ரொம்ப முடியாம இருந்து, நீ பக்கத்துல இருந்து பாத்திருக்கியா?"

பையன் நன்றாக யோசித்தான். "எனக்கே ஒரு தடவை காய்ச்சல் வந்துச்சு."

இதை வைத்துக்கொண்டு முந்நூறு சொல் எழுத வேண்டும். அக்காவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எழுத ஒன்றும் கிடைக்காமல், தன் அப்பாவை எடுத்து எழுதிவிட்டாள்.

அவளுடைய அப்பா லாரி ஓட்டுநர். அவள் பள்ளி முடித்து, நர்சிங் விண்ணப்பத்தை வாங்கிப் பாதி நிரப்பி வைத்திருந்த வாரத்தில் அவருக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அம்மா முன்பே போய்ச் சேர்ந்தவள். அண்ணன் ஒருவன் வெளியூரில் இருந்து தொலைபேசியில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தான். ஆறு ஆண்டுகள் அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் போட்டு, துடைத்து, எல்லாம் அவள்தான். மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அவளுக்கு ஒன்று காட்டிக்கொடுத்திருந்தாள். படுத்தே கிடப்பவருக்குக் குதிகால், இடுப்பு, முழங்கை சிவக்கும். அந்தச் சிவப்பைக் கட்டைவிரலால் அழுத்தி எடுக்க வேண்டும். அழுத்தின இடம் வெளுத்து, திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அவள் ஆறு ஆண்டுகள் ஒரு நாள் விடாமல் அழுத்திப் பார்த்தாள். அப்பா போகும்போது உடம்பில் ஒரு புண்கூட இல்லை. இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதையும் பிரிண்டரில் சிக்கின தாளை உருவிக்கொண்டே சொன்னாள்.

கட்டுரையில் அப்பா மயக்கத்தின் தாத்தா ஆனார். குதிகாலும் கட்டைவிரலும் அப்படியே இருந்தன. மயக்கத்துக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எங்கள் டைரக்டர், அதாவது முதலாளி, கட்டுரையை வாங்கிப் படித்துவிட்டு, "அந்தக் கட்டைவிரல் நல்லா வேலை செய்யுதும்மா. அதையே பிடிச்சுக்கோ," என்றார்.

பிடித்துக்கொண்டாள். ஆண்டுக்கு முப்பது நாற்பது கட்டுரைகள். தாத்தா, பெரியப்பா, பக்கத்து வீட்டுத் தாத்தா, பள்ளி வாட்ச்மேன் என்று உறவு மாறும். குதிகால் இடுப்பாகும், இடுப்பு முழங்கையாகும். கட்டைவிரல் மட்டும் மாறாது. பதினோரு ஆண்டுகளில் அந்த ஒரு மனிதரின் படுக்கைக்குப் பக்கத்தில் நானூறு பிள்ளைகள் முறை போட்டு உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள்.

என்னையும் சும்மா விட வேண்டாம். கட்டுரையில் உள்ளதை நேர்முகத்தில் கேட்பார்களே, அதற்கு ஒத்திகை வைத்தது நான்தான். "வலது கட்டைவிரலை இடது மணிக்கட்டில வை. அழுத்து. ரெண்டு செகண்ட் பேசாத. கீழ பாரு. அப்புறம் நிமிர்ந்து, 'அன்னிக்குத்தான் சார் முடிவு பண்ணினேன்'னு சொல்லு." இந்த இரண்டு விநாடி என் கண்டுபிடிப்பு என்று பெருமையடித்துக்கொண்டதுண்டு. உண்மையில் அக்கா அன்றைக்கு அப்பாவைப் பற்றிச் சொன்னபோது அப்படித்தான் நிறுத்தினாள். நான் பார்த்து வைத்துக்கொண்டேன். சரியான திருட்டுப்பயல் வேலை.

"வேற ஏதாவது கதை எழுதக் கூடாதா? எனக்கே அலுத்துப்போச்சு," என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான் சார். தெரியாததை எழுதினா கூச்சமா இருக்கு," என்றாள். நானூறு பொய்யை எழுதினவள் சொன்ன பேச்சு இது. ஆனால் அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

போன ஆண்டு அவளுக்கு முப்பத்து நாலு முடிந்தது. பெரிய மருத்துவமனையோடு சேர்ந்த செவிலியர் பள்ளியில் முப்பத்தைந்து வயது ஆகாதவர்களைத்தான் எடுப்பார்கள். அந்த ஆண்டை விட்டால் அவளுக்கு அந்தக் கதவு அடைத்துவிடும். ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்தேன், மேசை மேல் விண்ணப்பப் படிவம். புகைப்படம் ஒட்டின இடத்தில் அவளே இருந்தாள்.

"சிரிக்காதீங்க சார்," என்றாள்.

நான் சிரிக்கவில்லை. பயந்துதான் போனேன், நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமே என்று. அவள் எழுதினாள். தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதினோரு ஆண்டுகள் என் கத்தலைக் கேட்டதில், முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்களைவிட அதிக மதிப்பெண் வாங்கினாள். நூறு மணி நேரச் சான்று அந்த மருத்துவமனையிலேயே உண்மையாக வேலை செய்து வாங்கினாள். எங்கள் நிலையத்தின் வரலாற்றில் நடந்தே போய் வாங்கின சான்று அது ஒன்றுதான். நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது.

கட்டுரையை அரை மணியில் எழுதி முடித்துவிட்டாள். முதல்முறையாக அப்பா அப்பாவாகவே வந்தார். லாரியும் வந்தது. நான் படித்துவிட்டு, "பிரமாதம், உண்மைக்குன்னு ஒரு பலம் இருக்கு," என்றேன். படித்த முட்டாள் என்று சொல்வார்களே, அது நான்தான். அதே பள்ளிக்கு எத்தனை பேரை அதே கட்டைவிரலோடு அனுப்பியிருக்கிறோம் என்பது எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. நாங்கள் விற்கிறவர்கள். எங்கள் கடையில் நாங்களே வாங்குவோம் என்று நினைத்ததில்லை.

நேர்முகத்துக்குத் துணையாக நானும் போனேன். தாழ்வாரத்தில் ஒரு இரும்பு பெஞ்ச், கிருமிநாசினி வாசனை, முழங்காலைத் தட்டிக்கொண்டு வரிசையாகப் பெண்பிள்ளைகள். எல்லோருக்கும் அக்காவின் பாதி வயது. ஒருத்தி அவளைப் பார்த்து, "ஆன்ட்டி, உங்க பொண்ணு உள்ள போயிருக்காளா?" என்று கேட்டாள். "இல்லம்மா, நான்தான் போகப்போறேன்," என்று அக்கா சிரித்தாள்.

உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னதுதான். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் பள்ளியின் முதல்வர், நரைத்த தலையும் நூல் கட்டின கண்ணாடியுமாக ஒரு அம்மா. ஒரு பக்கம் அலுவலகக்காரர். இன்னொரு பக்கம், அந்த மருத்துவமனையில் வேலை பார்க்கிற இளம் டாக்டர். மயக்கம்.

முதல்வர் கட்டுரையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாராம். "உங்களுக்கு அப்பாவா? போன வாரம் ஒரு பொண்ணுக்குப் பெரியப்பா. நேத்திக்கு ஒருத்திக்கு வாட்ச்மேன். எல்லாருக்கும் அதே கட்டைவிரல். வருஷா வருஷம் படிச்சுப் படிச்சு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சும்மா."

"மேடம், இது நிஜமாவே எங்க அப்பா."

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க."

என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அக்காவின் கட்டைவிரல் இடது மணிக்கட்டுக்குப் போய்விட்டது. அழுத்தினாள். கீழே பார்த்தாள். இரண்டு விநாடி.

"பாத்தீங்களா, இதையும்தான் சொல்லிக்கொடுத்து அனுப்பறாங்க," என்று முதல்வர் அலுவலகக்காரரிடம் சொன்னார். அவர் சிரித்தார். மயக்கம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். அக்கா அவனைப் பார்த்தாள். அவன் கோப்பைப் பார்த்தான்.

வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. இதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து சொல்லி முடித்தாள்.

"அவனைக் கேளுங்கன்னு சொல்லியிருக்க வேண்டியதுதானே!" என்று கத்தினேன்.

"என்னன்னு சார் சொல்றது? நான்தான் எல்லாருக்கும் எழுதி வித்தேன், அதனால இது என்னுதுன்னா? அதைக் கேட்டு சீட் குடுப்பாங்களா?"

அவள் பேசினதில் ஓட்டை இல்லை. உண்மையைச் சொன்னால் மோசடிக்காரி, சொல்லாவிட்டால் காப்பியடித்தவள். பதினோரு ஆண்டுகளாக நாங்களே முடிந்த முடிச்சு அது.

இடைவேளையில் மயக்கம் வெளியே வந்தான். கழுத்தில் ஸ்டெதஸ்கோப், அம்மா சொன்னது பொய்யில்லை, அதை வைத்துக்கொண்டுதான் இன்னமும் விளையாடுகிறான். அக்காவின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அது உங்க அப்பாவா? சத்தியமா எனக்குத் தெரியாது. நீங்களா கட்டிவிட்ட கதைன்னு நெனச்சேன்."

"பரவாயில்ல டாக்டர்."

"உள்ள ஏதாவது சொல்லலாம்னுதான் இருந்துச்சு. ஆனா என் நிலைமை உங்களுக்கே தெரியும்." போகத் திரும்பியவன் நின்றான். "அப்புறம், என் மச்சினி பல் மருத்துவத்துக்கு அப்ளை பண்றா. ஒரு கட்டுரை..."

என் கை பரபரத்தது. அக்கா, "அனுப்பி வைங்க," என்றாள்.

இடம் கிடைக்கவில்லை. ஒரு வரியில் கடிதம் வந்தது. டைரக்டர் உண்மையாகவே வருத்தப்பட்டார், ஆனால் வேறு விஷயத்துக்கு. "கட்டைவிரல் அம்பலமாயிடுச்சே. இனிமே ஓடாது. வேற உறுப்பு ஏதாவது கைவசம் இருக்காம்மா?" என்று கேட்டார். அக்கா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பிரிண்டரில் தாள் வைக்கப் போனாள். அன்றைக்கு நான் அவரிடம் சண்டை போட்டு வேலையை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. மூன்று மணி வகுப்பு இருந்தது, எடுத்தேன்.

தண்டனை படிக்கட்டில் காத்திருந்தது. அந்த ஆண்டு இடம் கிடைத்த பிள்ளைகளின் முகங்களைப் பெரிதாக அச்சடித்து, மாட்ட ஆள் வரும்வரை என்று வழவழப்பான பேனரைப் படியில் போட்டு வைத்திருந்தார்கள். வருங்கால டாக்டர் ஒருத்தியின் நெற்றியில் கால் வைத்து வழுக்கி, ஒரு மாடி உயரம் உருண்டு, தொடை எலும்பு முறிந்து, அதே பெரிய மருத்துவமனையில் போய்ப் படுத்தேன்.

எலும்புக்குக் கம்பி வைத்தார்கள். என் வார்டைப் பார்க்கும் டாக்டர் யாரென்று சொல்ல வேண்டுமா? தினமும் காலையில் மாணவர் கூட்டத்தோடு வருவான். "சார், எப்படி இருக்கீங்க?" என்பான். பதிலுக்கு நிற்காமல் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "பிரமாதமா சேருது," என்பான். என் எலும்பை அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. குதிகால் எரிகிறது என்று இரண்டு நாள் சொன்னேன். "படுத்தே இருந்தா அப்படித்தான் இருக்கும் சார்," என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டான்.

ஐந்தாம் நாள் காலை அக்கா ஃப்ளாஸ்க்கோடு வந்தாள். நலம் விசாரிக்கவில்லை. நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள். என் குதிகாலைக் கையில் ஏந்தித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். மறுபடியும் அழுத்தினாள். நானூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அதை ஒருவர் நிஜமாகச் செய்து அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். அதில் இரண்டு விநாடி நிறுத்தமெல்லாம் இல்லை. அவள் முகத்தில் உருக்கமும் இல்லை. அடுப்பில் வைத்ததைப் பார்ப்பதுபோல் பார்த்தாள், அவ்வளவுதான்.

"வெளுக்கவே இல்ல சார்," என்றாள். "எத்தனை நாளா எரியுது?"

அந்த நேரத்தில் மயக்கம் மாணவர்களோடு உள்ளே வந்தான். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், கையில் நோட்டு.

"டாக்டர், சாரோட குதிகாலைக் கொஞ்சம் பாருங்க. சிவப்பு அப்படியே நிக்குது," என்றாள் அக்கா.

"பாக்க வந்தவங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க," என்றான். பிறகுதான் யாரென்று பார்த்தான். பார்த்தும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. குனிந்து, அவள் அழுத்தின அதே இடத்தில் தானும் அழுத்தினான். மாணவர்கள் பக்கம் திரும்பினான். அவன் முகம் மாறுவதை நான் படுத்தபடியே பார்த்தேன்.

"இதை நல்லா பாத்துக்குங்க. இதை நான் புத்தகத்துல படிக்கல. என் தாத்தா படுக்கையில கிடந்தப்ப..." என்று ஆரம்பித்தான். தாத்தாவைப் புரட்டினான், துடைத்தான், ஒரு நாள் விடாமல் அழுத்திப் பார்த்தான். சொல்லுக்குச் சொல் அக்காவின் கட்டுரை. வலது கட்டைவிரல் இடது மணிக்கட்டுக்குப் போனது. கீழே பார்த்தான். இரண்டு விநாடி. நிமிர்ந்தான். "அன்னிக்குத்தான் முடிவு பண்ணினேன்."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் நடிக்கவில்லை என்பதுதான் என்னைக் கலக்கியது. பதினோரு ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, சொல்கிற நேரத்துக்கு அந்தத் தாத்தாவை அவனே நம்பிவிடுகிறான். அக்கா ஃப்ளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

கதை முடிந்தது. அவன் போர்வையை என் காலில் மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தான். கூட்டமும் நகர்ந்தது.

"டாக்டர்," என்றாள் அக்கா.

திரும்பினான்.

"அடுத்து காலைத் தூக்கி வெக்கணும். குதிகால் மெத்தையில படக் கூடாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆளைத் திருப்பணும். அதை நான் எழுதல. முந்நூறு சொல்லுக்கு மேல போயிடுச்சு, அதனால வெட்டிட்டேன்."

கண் கலங்கின பெண் அவளையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யார் சார் இவங்க? நர்ஸா?"

மயக்கம் என்னைப் பார்த்தான். நான் சொல்லியிருக்கலாம். உன் டாக்டர் சொன்ன தாத்தா இவளுடைய அப்பா, உன் டாக்டருக்கு இந்த வெள்ளைக் கோட்டை எழுதிக் கொடுத்தவள் இவள் என்று சொல்லியிருக்கலாம். ஒத்திகை பார்த்தது நான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். தவிர, என் கால் அவன் கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பேஷன்ட்டைப் பாக்க வந்தவங்க," என்றான் மயக்கம்.

அக்கா அதற்குள் என் தலையணையை உருவி, இரண்டாக மடித்து, கெண்டைக்காலுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தாள். குதிகால் எதன்மேலும் படாமல் நின்றது. அந்தப் பெண் கூட்டத்தோடு போகாமல் பக்கத்தில் வந்து நோட்டைத் திறந்தாள்.

"எத்தனை மணிக்கு ஒரு தடவைன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு," என்றாள் அக்கா. "எழுதிக்காதம்மா. வந்து பிடி, திருப்புவோம்."